தொழில்: மாணவி

கடன் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு,

வட்டிக் கணக்கும் பிணைப் பத்திரமும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். நான் அவற்றைத் திரும்பச் சொன்னால் கொட்டாவிதான் விடுவீர்கள். ஓய்வுபெற்றவளுக்கு ஒரு வசதி உண்டு. இனி என்னை யாரும் தூரத்துக் கிளைக்குத் தூக்கியடிக்க முடியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிடிக்காத இடத்தில் தாண்டிப் போங்கள், எனக்குத் தெரியவா போகிறது.

நான் வேலை பழகியது கிரான் என்ற வயல் ஊரில், வேளாண்மைக் கடன் மேசையில். விதைப்புக்கு முன் கொடுப்போம், வெட்டு முடிந்ததும் வாங்குவோம். வெள்ளம் வந்த வருடம் வாங்கப் போகாமல் வீட்டில் இருப்போம். அந்தப் பழக்கத்தோடுதான் நகரத்துக் கிளைக்கு வந்தேன். அப்போது சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, பாதைகள் திறந்திருந்தன, எல்லோருக்கும் நாளைக்கு என்று ஒரு நினைப்பு வந்திருந்தது. எங்கள் வங்கிக்கும் வந்தது. பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு வாழ்க்கைச் செலவுக் கடன் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள்.

இந்த நாட்டில் வளாகத்தில் படிக்கக் கட்டணம் இல்லை என்று நாம் பெருமையாகச் சொல்லுவோம். உண்மைதான், வகுப்பில் உட்காரக் காசு இல்லை. ஆனால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை சாப்பிடவேண்டும், போடிங் வாடகை கட்டவேண்டும், பஸ்ஸில் போகவேண்டும், பிறர் குறிப்புகளைப் போட்டோப் பிரதி எடுக்கவேண்டும். அரசாங்க உதவிப்பணம் ஒன்று வரும். எப்போது வரும் என்று கேட்டால் கொடுப்பவருக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் எத்தனையோ நல்ல மூளைகள் பாணும் தேநீருமாகக் காய்ந்திருக்கின்றன. அந்தக் கடனை முதலில் யோசித்தவர் யாராக இருந்தாலும் அவர் படிக்கும் காலத்தில் பசி கிடந்தவராகத்தான் இருந்திருப்பார் என்பது என் எண்ணம்.

முதல் வருடம் நாங்கள் அதை வேளாண்மைக் கடன் போலவே கொடுத்தோம். ஒரு வருடக் காசு ஒரே தடவையில். பழுகாமத்துப் பையன் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். வீட்டில் விதைப்புக் காலம், தகப்பனுக்குக் கையில் காசு முட்டுப்பாடு. மகனின் சோற்றுக் காசு முழுவதும் வயல் வட்டைக்குள் இறங்கிவிட்டது. தகப்பன் ஏமாற்றவில்லை, வெட்டு முடிந்ததும் இரட்டிப்பாகக் கொடுப்பேன் என்றே நம்பினார். அந்த மாரியில் வெள்ளம் வந்தது. பையன் நண்பர்களின் சோற்றுப் பார்சலில் பாதியைச் சாப்பிட்டு வருடத்தை ஓட்டினான். அதற்குப் பிறகுதான், வயல் வருடத்துக்கு இரண்டு தடவை சாப்பிடும், பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று தடவை சாப்பிடும் என்று எங்களுக்கு உறைத்தது. கடனை மாதாமாதம் பிரித்து விடத் தொடங்கினோம். நல்ல முறை அது. அந்த நல்ல முறைதான் பிறகு ஒரு பிள்ளையைப் பொறியில் மாட்டவும் செய்தது.

அவள் பெயரைச் சுகிர்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டிபாளையத்துப் பிள்ளை. விவசாயம் படித்துக்கொண்டு வளாகத்துக்குப் பக்கத்தில் போடிங்கில் இருந்தாள். தகப்பன் வாவியில் தோணி வைத்துத் தொழில் செய்தவர். ஒரு தங்கை இருந்தாள். தாயைச் சுனாமி கொண்டுபோயிற்று. கடல் பக்கமாக இருந்த வீட்டில் அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் மட்டும் மிஞ்சின.

சுனாமியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைப் பார்த்தவர்களுக்கு எழுதத் தேவையில்லை, பார்க்காத உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்கு வலுவில்லை. வங்கியைத் திரும்பத் திறந்த அன்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளரிடம் கடன் அறவிடவேண்டாம் என்றது. மனம் குளிர்ந்தது. அடுத்த வரி, பாதிக்கப்பட்டவரின் பழைய கடன்களில் இனி எந்தத் தவணையும் வெளியே விடவேண்டாம், மதிப்பீடு முடியும்வரை பொறுக்கவும் என்றது. அதிலும் நியாயம் இருந்தது. வீடு கட்டக் கொடுத்த கடனை, வீடே இல்லாமல் போன பிறகு கூரைக்கென்று தொடர்ந்து விட முடியாதுதானே. யார் பாதிக்கப்பட்டவர் என்பதற்கும் விளக்கம் போட்டிருந்தார்கள். அழிந்த வீடோ படகோ கடையோ யார் பெயரில் இருந்ததோ அவர்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். அதை எழுதியவர் மனதில் வீடென்றால் தகப்பன் பெயரில் இருக்கும். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. வீடு பெண்ணுக்குத்தான். தாய் இருக்கும் வீட்டை மூத்த மகளுக்கு எழுதுவார், கட்டிக்கொள்பவன் அந்த வீட்டுக்கு வந்து சேருவான். சுகிர்தாவின் தாயும் அவளுக்கு வளாகம் கிடைத்த சந்தோசத்தில் வீட்டை அவள் பெயருக்கு உறுதிப் பத்திரம் முடித்திருந்தார். படிக்கிற பிள்ளைக்குச் சீதனம் தயார் என்று ஊருக்கே சொல்லியிருந்தாராம்.

மாதக் கடைசியில் சுகிர்தா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். யாரோ கொடுத்த சட்டை, தோளில் பெரிதாகத் தொங்கியது.

"மிஸ், எனக்கு இந்த மாசக் காசு விழல்ல."

"பொறு புள்ள, பாப்பம்."

"எங்கட ஒழுங்கைப் பொடியனுக்கு விழுந்திரிக்கு மிஸ். அவன்ட வீடும் போய்த்தான் இரிக்கு. ஏன் அவனுக்கு விழுந்த, எனக்கு விழல்ல?"

பார்த்தேன். அதே தெருவில் இருந்த அந்தப் பையனின் வீடு அவன் அக்காவின் பெயரில். ஆகவே வங்கியின் கண்ணுக்கு அவன் பாதிக்கப்படவில்லை, அவனுடைய காசு ஒழுங்காகப் போனது. சுகிர்தாவின் வீடு அவள் பெயரில். ஆகவே அவள் பாதிக்கப்பட்டவள், அவளுக்குச் சலுகை, சலுகையின்படி காசு நின்றுவிட்டது. மற்றக் கணக்குகளையும் இழுத்துப் பார்த்தேன். கடலோரத்துப் பையன்களுக்கு எல்லாம் போயிருந்தது. மூத்த மகள்மார் ஒவ்வொருவருக்கும் நின்றிருந்தது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சிரிப்பு உடனே போய்விட்டது.

அவளுக்கு அவகாசமும் இல்லை. அகதி முகாமாக இருந்த வளாகக் கட்டடங்களைக் காலி செய்து வகுப்புகளைத் தொடங்கப்போகிறார்கள். போடிங் அறைகளுக்குத் திடீரென்று கிராக்கி. வெளியிலிருந்து வந்த தொண்டு நிறுவனத்துக்காரர்கள் கேட்ட வாடகையைக் கொடுத்தார்கள். போடிங்காரம்மா திங்கட்கிழமைக்குள் முற்பணம் வராவிட்டால் அறையை விட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அறை போனால் செட்டிபாளையத்திலிருந்து வளாகத்துக்குத் தினமும் போய்வர முடியாது. வழியெல்லாம் பாலமும் தெருவும் உடைந்து கிடந்தன. இந்த வருடத்தை விட்டால் அடுத்த வருடம் வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். முகாமுக்குப் போன எத்தனை பிள்ளைகள் முகாமிலேயே நின்றுவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இது எங்கள் ஊர் வழமை, பெண் பிள்ளைகள் மட்டும் அகப்படுகிறார்கள் என்று விளக்கினேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுற்றறிக்கை எல்லா மாவட்டத்துக்கும் பொதுவானது, எழுத்தில் அனுப்புங்கள், பரிசீலிப்போம் என்றார். எழுத்தில் அனுப்பினேன். அவர்கள் இன்னும் பரிசீலிக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்த மேசையில் இருந்தவர் நல்ல மனிதர். அவர்தான் வழி சொன்னார்.

"ஏன் தலையப் போட்டு உடைக்கிறீங்க? வீடு தகப்பன்ட எண்டு ஒரு சத்தியக் கடதாசி குடுத்தாச் சரி. காசு தன்பாட்டுல வரும். எல்லாரும் இப்ப அப்பிடித்தான் செய்றாங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுவே மிகச் சுலபமான வழியும்கூட. தகப்பனும் மகளோடு வந்தார், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு.

"என்ட பேருக்கு மாத்துங்க மிஸ். அவள் படிக்கட்டும். மறுகா நான் அவளுக்கே எழுதிக் குடுப்பன்."

அவர் சொன்னதை நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கடதாசி எங்கள் மேசையோடு நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். புது வீடுகளுக்குப் பெயர் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. வீடு தகப்பனுடையது என்று அவளே சத்தியம் செய்தால் கிராம சேவகரும் அப்படித்தான் எழுதுவார், புது வீடும் அந்தப் பெயருக்கே வரும். ஒரு மனிதன் நல்லவனாக இருக்கலாம். அவன் நாளைக்கு இன்னொரு கலியாணம் செய்யலாம், கடலில் போகலாம், கடன்படலாம். ஒரு மாதச் சோற்றுக்காக ஒரு வீட்டை எழுதிக்கொடுப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது. அதை வங்கி செய்யக்கூடாது.

அடுத்த மேசைக்காரர் எழுதி நீட்டிய கடதாசியைச் சுகிர்தா இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். பேனையையும் எடுத்தாள்.

"அம்மா எழுதின உறுதியும் கடலோட போயிட்டு மிஸ். இப்ப அது பொய்யெண்டு நானே எழுதித் தாறதா?"

பேனை மூடியைக் கழற்றிவிட்டு, "சரி, எங்க ஒப்பம் வைக்கிற?" என்று கேட்டாள்.

பசியில் இருக்கும் பிள்ளையிடம் நாங்கள் எதை நீட்டினாலும் ஒப்பம் வைக்கும். அதனாலேயே எதை நீட்டுகிறோம் என்று நாங்கள்தான் பார்க்கவேண்டும். கடதாசியை அவள் கையிலிருந்து எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். வெள்ளிக்கிழமை வா என்றேன். என்னிடம் மாற்று வழி எதுவும் இருக்கவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். வழி கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளையின் படிப்பு என் வீம்பினால் நின்றது என்றாகிவிடும். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன்.

எங்கள் முகாமையாளர் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர், நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கடலோரத்தில் இருந்த அவருடைய சனம் நிறையப் பேர் சுனாமியில் போய்விட்டார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். தினமும் நேரத்துக்கு வருவார், கழுத்துப்பட்டி கட்டியிருப்பார், ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார். விதியை மீறத் துணிந்தவர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு முத்திரை கோணலாக விழுந்தாலே முகம் கோணும். நான் இரண்டாவது சுற்றறிக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குள் போனேன். தொழில் மீட்புக் கடன் பற்றியது அது. பாதிக்கப்பட்டவர் இழந்த தொழிலைத் திரும்பத் தொடங்கப் புதுக் கடன் கொடுக்கலாம் என்றிருந்தது.

"சேர், பழைய கடன விட ஏலாது. புதுக் கடன் குடுக்கலாம்தானே?"

"அது தொழிலுக்குப் புள்ள. வல, தோணி, தையல் மெசின். படிக்கிற புள்ளைக்கு எப்பிடிக் குடுக்கிற?"

"அவள்ட தொழில் என்ன சேர்? காலம எழும்பினா அவள் என்ன செய்யிற?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "படிக்கிறாள்."

"அந்தத் தொழிலுக்குள்ள சாமானெல்லாம் சுனாமியில போச்சா இல்லையா? புத்தகம் போச்சு, உடுப்புப் போச்சு, சமைச்சு அனுப்பின தாயும் போயிட்டா."

சுற்றறிக்கையை இழுத்து வாசித்தார். தொழில் என்றால் என்னென்ன என்று அதில் ஒரு வரிசை இருந்தது. கடைசியில் 'ஏனையவை' என்றும் இருந்தது. அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

"பின்னுக்குக் கேள்வி வரும்," என்றார்.

"வந்தா என்னட்ட அனுப்புங்க சேர்."

"இல்ல. ஒப்பம் என்ட. கேள்வியும் எனக்குத்தான் வரோணும்." பிறகு விண்ணப்பத்தை வாங்கித் தன் கையாலேயே எழுதினார். தொழில் என்ற இடத்தில், மாணவி. எழுதி முடித்துவிட்டு, "ஆனாக் கூட்டுப் பிணை வேணும். அதுல நான் விடமாட்டன்," என்றார்.

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் விதியை உடைக்கவில்லை. ஒரு வரிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து அதற்குள் ஒரு பிள்ளையை உட்கார வைத்தார். மீதி விதிகளில் அரை அங்குலமும் அசையவில்லை. இரக்கம் வந்ததும் எல்லாக் கதவையும் திறந்துவிடும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் இடம் மாறிப் போனதும் திறந்த கதவெல்லாம் ஒரே நாளில் பூட்டப்படும், உள்ளே போனவர்களோடு சேர்த்து.

கூட்டுப் பிணை என்றால் ஐந்து பேர் சேர்ந்து கடன் எடுப்பது. ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வர் கட்டவேண்டும். செட்டிபாளையத்து முகாமில் நான்கு பெண்கள் ஒரு குழுவாக இருந்தார்கள், ஐந்தாவது ஆள் தேடிக்கொண்டு. அவர்களில் தங்கம்மா மீன் விற்பவர். முகாமே அவர் சொல்லைக் கேட்கும், கேட்காவிட்டால் கேட்கும்வரை சொல்லுவார். தறப்பாள் கொட்டிலுக்கு வெளியே பாயைப் போட்டு உட்கார்ந்தோம். நான் விசயத்தைச் சொன்னேன். தங்கம்மா என்னைப் பார்க்காமல் சுகிர்தாவைப் பார்த்தார்.

"மிஸ், நான் ஒண்டு கேக்கிறன், குறை நினைக்கப்படா. நான் சைக்கிளுக்கும் பெட்டிக்கும் காசு எடுத்தா நாளைக்கே மீன் விப்பன். இவ இடியப்பத்துக்கு எடுத்தா விடியக்குள்ள இடியப்பம் வரும். இவள்ட படிப்பு எப்பகா வரும்?"

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நியாயமான கேள்வி. பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லித்தருகிற திருப்பிச் செலுத்தும் ஆற்றல் என்பது இதைத்தான், தங்கம்மா அதைச் சுருக்கமாகக் கேட்டார். நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். அதற்குள் சுகிர்தா பேசிவிட்டாள்.

"ரெண்டு வருசம் போகும் மாமி. கம்பஸ மூடினா இன்னும் போகும். முடிச்சாலும் உடன வேல கிடைக்குமெண்டு சொல்ல ஏலா."

கடன் கேட்க வந்த பிள்ளை இப்படியா பேசும். இடியப்பக்காரம்மா தங்கம்மாவைப் பார்த்தார். தங்கம்மா மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, மெதுவாகப் போட்டுக்கொண்டார்.

"இண்டைக்கு இந்த முகாமுக்கு எத்தின பேர் வந்து என்னென்ன தாறமெண்டு சொல்லிட்டுப் போறாங்க," என்றார். "வராமலும் போகும் எண்டு சொன்ன ஒரே ஆள் இவள்தான். எழுதுங்க மிஸ். ஆனா ஒண்டு. காச எடுத்துக்கொண்டு முகாமுக்கு வரப்படா. உன்ட அப்பனையும் தங்கச்சியையும் நாங்க பாக்கிறம். நீ உன்ட வயித்தப் பாரு."

சுகிர்தா அழுதாள். நானும் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். தங்கம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, ஒப்பம் வைக்கக் கூப்பிட்டுவிட்டு ஏன் ஒப்பாரி வைக்கிறீர்கள் என்றார். திங்கட்கிழமை போடிங் முற்பணம் போனது. மீதியைப் பழுகாமத்துப் பாடத்தின்படி மாதாமாதம் பிரித்து விட்டேன். வட்டியை மட்டும் அவள் மாதந்தோறும் கட்டவேண்டும், முதலைப் படிப்பு முடிந்து கட்டலாம் என்று ஏற்பாடு. போடிங்குக்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வட்டியைக் கட்டினாள்.

புது வீடுகளுக்குப் பெயர் எடுத்தபோது அவள் பெயரே போனது. வீடு வந்தது. தகப்பனும் தங்கையும் அதில் குடியேறினார்கள். லாச்சிக்குள் கிடந்த சத்தியக் கடதாசியை நான் ஒரு நாள் கிழித்துப் போட்டேன்.

பிறகு யுத்தம் திரும்பி வந்தது. வாவிக்கு மேற்கே இருந்த படுவான்கரைச் சனம் உடுத்த துணியோடு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தது. வளாகம் திறக்கும், மூடும். எப்போது எந்தப் பாதை பூட்டும் என்று தெரியாது. பாடம் கேட்ட பிள்ளைகள் வராத மாதங்களில் சுகிர்தாவால் வட்டி கட்ட முடியாது. ஆனால் அவள் கணக்கு ஒரு மாதமும் பின்தங்கவில்லை. தங்கம்மா சைக்கிளை வங்கிக்கு வெளியே சாத்திவிட்டு வந்து கட்டிப்போவார். அந்த நோட்டுகளை எங்கள் காசாளர் விரல் நுனியால் பிடித்து எண்ணுவார். அன்று முழுவதும் காசுப் பெட்டிக்குள் கீரி மீன் வாசம் அடிக்கும். ஒரு நாள் நான் கேட்டேன், ஏன் உங்களுக்கு இந்தப் பாடு என்று. "அவள் ஒளிச்சு ஓடல்லையே மிஸ், படிச்சுக்கொண்டுதானே இரிக்காள்," என்றார். அவ்வளவுதான்.

படிப்பு முடியத் தாமதமானது. ஆனால் முடிந்தது. யுத்தம் முடிந்த பிறகு விவசாயப் போதனாசிரியையாக நியமனம் கிடைத்து, நான் வேலை பழகிய கிரான் பக்கமே அவளை அனுப்பினார்கள். பல வருடங்களாக யாரும் இறங்காத வட்டைகளில் சனம் திரும்பவும் கலப்பையை இறக்கிக்கொண்டிருந்தது. சம்பளம் இன்னும் ஒழுங்காக வரத் தொடங்கவில்லை, கடனின் முதல் அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் கேள்வி வந்தது.

பாதைகள் திறந்துவிட்டதால் தலைமை அலுவலகம் கணக்காய்வாளர் ஒருவரை அனுப்பியது. தொழில் மீட்புக் கடன்களில் வாங்கிய சொத்துகள் இன்னும் பாவனையில் இருக்கின்றனவா, பயன்படுகின்றனவா என்று அவர் நேரில் பார்த்து எழுதவேண்டும். பதுளைப் பக்கத்துத் தமிழர், இளம் வயது, வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையே நனைந்துபோயிருந்தது. ஒப்பம் வைத்த முகாமையாளர் ஓய்வுபெற்று அவுஸ்திரேலியாவில் மகளோடு போய் இருந்தார். கேள்வி எனக்குத்தான் வரோணும் என்றவருக்கு அங்கே குளிர். கேள்வி இங்கே என் மேசையில் வந்து இறங்கியது.

"மேடம், இது என்னங்க? தொழில், மாணவி. படிக்கிறது ஒரு தொழிலா?"

விளக்கினேன். குறித்துக்கொண்டார்.

"எனக்குப் புரியுது. ஆனா சொத்து ஒண்ணும் வாங்கலைன்னா இது முறையில்லாத கடன்னுதான் எழுதணும். அப்படி எழுதினா மீதிக் காசு முழுக்க இந்த அஞ்சு பேருகிட்டயும் உடனே கேட்பாங்க. உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். தங்கம்மாவின் சைக்கிள் வரைக்கும் போகும் என்பது தெரியும். முதலில் மற்றதைப் பாருங்கள், இதைக் கடைசியாகப் பார்ப்போம் என்றேன். அவரைக் கூட்டிக்கொண்டு காலையிலிருந்து அலைந்தேன். தோணி இயந்திரம் ஒன்று வேலியோரம் துருப்பிடித்துக் கிடந்தது. தையல் மெசின் இடம்பெயர்ந்தபோது காணாமல் போய்விட்டது. வலை ஒன்றைக் கோழிகளுக்கு வேலியாகக் கட்டியிருந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, யுத்தம் எதையும் ஓரிடத்தில் இருக்க விடவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் எதிரே பழுது, இல்லை, பழுது என்று எழுதிக்கொண்டு வந்தார்.

பின்னேரம் கிரான் வட்டைக்குப் போனோம். மாரி வேளாண்மை பச்சையாக நின்றது. சுகிர்தா முழங்கால் வரை சேற்றில் நின்று ஒரு வயோதிபரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அடிப்பயிரில் அறக்கொட்டிப் பூச்சி. அவர் மருந்துப் பம்பியை முதுகில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"இண்டைக்கு மருந்தடிச்சா நல்ல பூச்சியும் சேந்து சாகும் மாமா. தண்ணிய வடிய விடுங்க. ரெண்டு மூண்டு நாள் பொறுங்க, நான் வந்து பாக்கிறன்."

"பொறுத்துப் பயிர் போனா?"

"போனா என்னட்ட வந்து ஏசுங்க."

என்னைக் கண்டதும் வரம்பில் ஏறி வந்தாள். கணக்காய்வாளர் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். கையில் அட்டையும் பேனையும்.

"நீங்க எடுத்த கடன்ல என்ன வாங்கினீங்கன்னு பார்க்க வந்தேன், மிஸ்."

சுகிர்தா என்னைப் பார்த்தாள். எதையாவது சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று எனக்குள் ஓடியது. கணினி என்று சொன்னாலும் போதும், புத்தகம் என்று சொன்னாலும் போதும். அவள் சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"சோறு, சேர்."

"சோறா?"

"ஓம் சேர். போடிங் வாடகை கட்டினன், பஸ்ஸுக்குக் குடுத்தன். மற்றதெல்லாம் சோறுதான். திண்டு முடிஞ்சுது. காட்டுறதுக்கு ஒண்டும் இல்ல."

காற்றில் பயிர் அசைந்தது. அவர் பேனையை மூடினார், திறந்தார். வயலுக்குள் நின்ற வயோதிபருக்கு எங்கள் வங்கியும் தெரியாது, கணக்காய்வும் தெரியாது. பம்பியைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, "புள்ள, கதைச்சு முடிஞ்சா வா, மேல் வரவை வயலையும் ஒருக்காப் பாத்துட்டுப் போ," என்று கூப்பிட்டார்.

"வேறென்ன சேர் தெரியோணும்?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மிஸ். நீங்க போங்க, அவரு காத்துக்கிட்டு இருக்காரு."

அவள் திரும்பவும் சேற்றில் இறங்கினாள். கணக்காய்வாளர் வாகனத்தில் ஏறினார். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார், ஒப்பமிட்டார், அட்டையை அப்படியே என்னிடம் நீட்டினார். வாங்கிய சொத்து என்ற நிரலில் உணவு என்று இருந்தது. சொத்தின் தற்போதைய நிலை என்ற நிரலில், அந்த நாள் முழுவதும் அவர் எழுதாத ஒரு வரி இருந்தது. நல்ல நிலையில், பாவனையில் உள்ளது.